பொத்தான் மேல் உட்கார்ந்த கேப்டன்

இடது கையின் சுண்டுவிரல் கீபோர்டின் ஓரத்தில் காத்திருக்க, வலது கை ஒரு வரியை அடித்து முடித்து, கடைசிப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டியது. அவ்வளவுதான். இரண்டு கைகளும் எழும்பி மடியில் போய் உட்கார்ந்துகொண்டன. இனி கொஞ்ச நேரத்துக்கு அவற்றுக்கு வேலை இல்லை.

திரையில் ஒரு பிரவுசர் தானாகத் திறந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில், சின்ன ஃபோன் அளவுக்கு ஒடுங்கிய மூன்றாவது. யாரும் தொடாமலே கட்டங்களில் எழுத்துகள் விழுந்தன. படகு ஏறும் துறை, இறங்கும் துறை, பயணிகள் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாக நிரம்பின. யாரும் தொடாமலே பொத்தான்கள் அமுங்கின. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்தால் கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். பேய் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து படிவம் நிரப்பாது.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியை அலுவலகத்தில் எல்லோரும் சிவப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளின் நிறம் பார்த்து வைத்த பெயர் இல்லை. மற்றவர்கள் கட்டிய வலைத்தளங்களைச் சோதித்துப் பார்ப்பது அவள் தொழில். தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு என்று ரிப்போர்ட் போட வேண்டும். சிவப்பு இல்லாத ரிப்போர்ட் ஒன்று அவள் மேசையிலிருந்து கிளம்பியதாகச் சரித்திரமே கிடையாது. அலுவலகப் பிரின்டரில் சிவப்பு மைதான் எப்போதும் முதலில் தீரும். தீர்ந்ததும் எல்லாத் தலைகளும் ஒரே திசையில் திரும்பும்.

இந்தத் தொழிலுக்கு அவள் படித்துவிட்டு வரவில்லை. துணி துவைக்கும் மெஷின் விற்கிற கம்பெனி ஒன்றில், ஃபோன் எடுத்துப் புகார் கேட்கிற வேலையில் பல வருஷம் இருந்தவள். தண்ணீர் வரவில்லை என்பார்கள். வந்த தண்ணீர் நிற்கவில்லை என்பார்கள். மெஷின் குலுங்கிக் குலுங்கி நடந்துபோய்க் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறது, நான் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவர் உள்ளிருந்தே பேசியிருக்கிறார். காது நிறைய இதையே கேட்டுக் கேட்டு, எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எப்போது மக்கர் பண்ணும் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றும். அந்தக் கம்பெனிக்கு வலைத்தளம் வந்தபோது, கட்டியவர்கள் கண்ணில் படாத ஓட்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். "இந்தம்மா வெளியில நின்னு திட்டுறதுக்கு உள்ளே உட்கார்ந்து திட்டட்டும்பா" என்று யாரோ ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கற்றதெல்லாம் சாப்பாட்டு இடைவேளையில், ஒரு கையில் டப்பா, ஒரு கையில் மவுஸ் என்று கற்றதுதான்.

வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்கிறவர் பக்கம் ஒரு பிரேக், அவர் காலடியில் இன்னொரு பிரேக் வைத்த கார். "நீயும் நானும் அடுத்தவங்க தப்புல வயித்தைக் கழுவுறவங்க" என்பார். ஆனால் அவர் வீட்டுக்கு வந்தால் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுவார். அவள் எடுப்பதில்லை. பூட்டிய பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பாள். மூடிய குழாயை இன்னொரு தடவை திருகிப் பார்ப்பாள். அணைத்த அடுப்பை அணைந்துவிட்டதா என்று கேட்டாலும் கேட்பாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னை எத்தனை பிரவுசர்ல ஓட்டிப் பார்த்தே?" என்று அவர் ஒரு நாள் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுலதாங்க. அதான் இப்படி."

இப்போது அவள் முன்னால் தானாக ஓடிக்கொண்டிருக்கும் இந்த டூலுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. முன்பெல்லாம் ஒரே படிவத்தை ஒவ்வொரு பிரவுசரிலும் கையால் நிரப்பி, ஒவ்வொரு திரையையும் படம் பிடித்து, வெட்டி, எக்செல்லில் ஒட்டி, பக்கத்தில் 'சரி', 'தவறு' என்று எழுத வேண்டும். விரலுக்குத் தேய்மானம், கண்ணுக்கு எரிச்சல். புது டூலோ பிரவுசரைத் தானே திறக்கும், தானே அழுத்தும், ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ரிப்போர்ட்டாகக் கட்டிக் கையில் கொடுத்துவிடும். இதை வாங்க வேண்டும் என்று அவள் மேனேஜரின் காதில் ஓதாத நாளில்லை. கடைசியில் அவர் இறங்கி வந்தார்.

"சரிக்கா. இந்தப் படகு கம்பெனி வேலையை உங்க டூலை வச்சுப் பண்ணுங்க. நல்லபடியா முடிஞ்சா எல்லா வேலைக்கும் அதுதான். சொதப்பிச்சுன்னா எல்லாரும் திரும்ப எக்செல்லுக்கு. அப்புறம் டூல்ங்கிற வார்த்தையே என் காதுல விழக்கூடாது."

படகு கம்பெனிக்கு ஆற்றின் இரண்டு கரைகளிலும் துறைகள். டிக்கெட் வாங்க ஆட்கள் வரிசையில் நிற்காமல் ஃபோனிலேயே எடுத்துக்கொள்ள ஒரு வலைத்தளம் கட்டச் சொல்லியிருந்தார்கள். முதலாளியின் மகள் இன்று நான்கு மணிக்கு வந்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, நாளையே தளத்தைத் திறந்துவிடுவதாக ஏற்பாடு.

பிரவுசர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன. ரிப்போர்ட் வந்து நின்றது. மேலிருந்து கீழ்வரை பச்சை. இறக்கிக்கொண்டே போனாள். பச்சைக்குக் கீழே பச்சை. அடியில் ஒரு வட்டம், அதுவும் முழுப் பச்சை.

"அக்கா!" மேனேஜர் பின்னால் வந்து நின்றது அவளுக்குத் தெரியாது. "கனவா இது? உங்க மேசையில பச்சையா? யாராவது கிள்ளுங்கப்பா என்னை."

"சார், ஒரு தடவை படங்களைப் பார்த்துட்டு..."

"படத்தையெல்லாம் அப்புறம் பாருங்க. இதை அந்தம்மாவுக்கு இப்பவே மெயில்ல போட்டுடறேன், வரும்போதே சிரிச்சுக்கிட்டு வரட்டும். பிரின்ட் எடுத்து ஃப்ரேம் போட்டு வாசல்ல மாட்டணும்க்கா இதை."

சொல்லிக்கொண்டே போய் அனுப்பியும் விட்டார். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அவளும் சிரித்து வைத்தாள். முதல் ஓட்டத்திலேயே முழுப் பச்சை வந்தால் மற்றவர்களுக்குச் சந்தோஷம். அவளுக்கு, வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் தோன்றுகிற அந்தச் சந்தேகம்.

தேறிய சோதனைகளின் படங்களை இந்தத் தொழிலில் ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. அவள் திறந்தாள். பெரிய திரையில் எடுத்த படங்கள் எல்லாம் லட்சணமாக இருந்தன. அடுத்து, சின்ன ஃபோன் அளவில் எடுத்தவை. ஏறும் துறை, சரி. பயணிகள், சரி. கடைசிப் பக்கம்.

கடைசிப் பக்கத்தில் 'டிக்கெட் எடு' என்ற பச்சைப் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் கேப்டன் உட்கார்ந்திருந்தார்.

கேப்டன் என்பது ஒரு கார்ட்டூன் பொம்மை. வெள்ளைத் தொப்பி, காது வரை முறுக்கிய மீசை. பக்கத்தின் வலது மூலையிலிருந்து துள்ளிக்கொண்டு எழுந்து, 'வணக்கம்! உதவி வேண்டுமா?' என்று கேட்பார். பெரிய திரையில் அவர் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடப்பார். சின்னத் திரையில் மூலைக்கும் நடுவுக்கும் தூரம் ஏது? பொத்தான் முழுவதும் அவருக்கு ஆசனமாகிவிட்டது. தொப்பிக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கீற்று மட்டும் தெரிந்தது.

அப்படியென்றால் டூல் எப்படி அந்தப் பொத்தானை அழுத்தியது?

பதில் அவளுக்கே தெரியும். போன வாரம் இந்த டூல் இதே இடத்தில் முரண்டு பிடித்தது. பொத்தானை வேறு ஏதோ மறைக்கிறது, அழுத்த முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது. பொம்மை துள்ளுகிறதே, துள்ளி முடிக்கும்வரை இதற்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, பொத்தானை அழுத்தச் சொல்லும் கட்டளை வரியின் கடைசியில் அவள் ஒரு சொல்லைச் சேர்த்தாள். மறைத்தாலும் பரவாயில்லை, அழுத்து என்று அர்த்தம். சாதாரணமாக டூல் மனுஷ விரல் தொடுவதுபோலத் தொடும், நடுவில் ஏதாவது நின்றால் நின்றுவிடும். அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் விரலே வேண்டாம். பொத்தானைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, 'நீ அமுங்கியாயிற்று' என்று சொல்லிவிடும். பொத்தானும் நம்பிவிடும்.

ஒருவேளை படத்தில் மட்டும்தான் இப்படியோ? சோதனைக்கென்று அலுவலகம் வைத்திருந்த சின்ன ஃபோன் இழுப்பறையில் உயிர் போய்க் கிடந்தது. அவளுடைய ஃபோனோ பலகை மாதிரி பெரியது. வீட்டுக்காரரின் அக்காவிடம் சின்ன ஃபோன் இருந்தது. தையல் கடை வைத்திருப்பவர். கண்ணாடி விரிசல் விட்டும் மாற்ற மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார். அவரை ஃபோனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, கையில வேலையா இருக்கீங்களா?"

"கைக்கும் வேலை, காலுக்கும் வேலை. மெஷின்ல உட்கார்ந்திருக்கேன். சொல்லு."

"ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன். படகுக்கு ஒரு டிக்கெட் போட்டுப் பாருங்களேன்."

"நான் எங்கேயும் போகலையே?"

"போக வேண்டாம் அண்ணி. சும்மா போடுங்க."

"இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா உனக்கு?" கொஞ்ச நேரம் பெருமூச்சும் முணுமுணுப்பும் கேட்டன. "போட்டாச்சு, போட்டாச்சு, அடுத்தது... இது யாருடி மீசைக்காரன்?"

"அவர் கேப்டன், அவரை விடுங்க. டிக்கெட் எடுன்னு பச்சையா இருக்கும், அதை அழுத்துங்க."

"அழுத்தினேன். வணக்கம்கிறான்."

"கேப்டனை அழுத்திட்டீங்க. பொத்தானை அழுத்துங்க."

"பொத்தானைத்தான் தேடுறேன், இவன் எங்க விடுறான்? மறுபடியும் வணக்கம்கிறான். போனாப் போகுதுன்னு நானும் ஒரு வணக்கம் வச்சுட்டேன். அப்பவும் நகர மாட்டேங்கிறான்."

"மேல பெருக்கல் குறி மாதிரி ஒண்ணு இருக்கும், அதைத் தொட்டா மூடும்."

"தொட்டேன். படுத்தான். நான் கண்ணாடியைச் சரி பண்றதுக்குள்ள எழுந்து உட்கார்ந்துட்டான். ஏண்டி, இதை யாரு கட்டினது? சட்டைக்குப் பட்டனைத் தச்சு, பட்டன் மேலேயே பாக்கெட்டையும் வச்சுத் தைப்பாங்களா?"

அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. நன்றி சொல்லி ஃபோனை வைத்தாள். வைக்கும்போது கூட, "இந்த ஆளை எப்படி அனுப்புறது, அதையாவது சொல்லு!" என்று அண்ணியின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

மேனேஜரின் அறையில் தளத்தைக் கட்டியவரும் இருந்தார். கழுத்தில் ஹெட்ஃபோனை மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரிகிறவர், அவளுக்கு அண்ணன் முறையாகப் பழகியவர். அவள் படத்தைக் காட்டினாள். சேர்த்த சொல்லையும் மறைக்காமல் சொன்னாள்.

மேனேஜரின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "நாலு மணிக்குள்ள அந்தப் பொம்மையை ஓரமா நகர்த்திடுங்க. முடிஞ்சுது."

"விளையாடுறீங்களா?" என்றார் கட்டியவர். "அது யார் முகம்னு நினைக்கிறீங்க? முதலாளியோடது. தானே ஃபோட்டோ குடுத்து வரையச் சொன்னாரு. அந்த மூலை, அந்த சைஸ், எதையும் தொடக் கூடாதுன்னு உத்தரவு. மீசையைக் கொஞ்சம் மெலிசாக்கினதுக்கே ஃபோன்ல என் காதைக் கிழிச்சுட்டாரு. அவரைக் கேக்காம அவரை நகர்த்தினா, நம்மளை நகர்த்திடுவாரு."

"அப்ப பச்சையே இருக்கட்டும்" என்றார் மேனேஜர். "அந்தம்மா ரிப்போர்ட்டை வாங்கிட்டுப் போகட்டும். அடுத்த வாரம் நல்ல மூடு பார்த்து பெரியவர்கிட்ட பேசி நகர்த்திக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எங்க அண்ணிக்குத் தெரியும் சார்."

"அவங்க படகு ஏறவா போறாங்க? அக்கா, நான் உங்களுக்காகத்தான் சொல்றேன். காலையில பச்சை அனுப்பிட்டு சாயங்காலம் சிவப்பு குடுத்தா, அந்தம்மா என்ன கேப்பாங்க? உங்க மெஷின் பொய் சொல்லுதான்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் டூலும் கிடையாது ஒண்ணும் கிடையாது. எக்செல்தான். சம்மதமா?"

நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவள் ஆசைப்பட்டது கையில் இருக்கிறது. திறந்தால் மறுபடியும் வெட்டி ஒட்டுகிற வாழ்க்கை.

புகார் கேட்கிற வேலையில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் வாக்கியம் ஞாபகத்துக்கு வந்தது. குளியலறையில் மாட்டிக்கொண்டவரானாலும் சரி, வீடெல்லாம் வெள்ளமானவரானாலும் சரி, முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்: 'எங்க பக்கத்துல எல்லாம் சரியா இருக்குங்க.' பல வருஷம் சொல்லிச் சொல்லி அவள் நாக்கு புளித்துப்போன வாக்கியம். இந்தப் பச்சை ரிப்போர்ட்டும் அதுதான். வாக்கியத்துக்குக் கலர் அடித்திருக்கிறது, அவ்வளவே.

கைகள் மடியிலிருந்து எழுந்தன. அந்தக் கட்டளை வரிக்குப் போய், கடைசிச் சொல்லின் மேல் நின்று, பின்னோக்கி ஒவ்வொரு எழுத்தாக அழித்தன. மறுபடியும் ஓட விட வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து வாசலில், "கொஞ்சம் சீக்கிரமே வந்துட்டேன்" என்று ஒரு குரல். கையில் ஹெல்மெட்டோடு முதலாளியின் மகள் நின்றார். மேனேஜர் ஓடி வந்தார்.

"வாங்கம்மா, வாங்க. காபி சாப்பிடுறீங்களா?"

"இருக்கட்டும். பச்சை ரிப்போர்ட் பார்த்தேன். இந்த டூல் ஓடுறதை நேர்ல பார்க்கணும்னு ஆசை. காட்டுவீங்களா?"

மேனேஜர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல், ஒரு மிரட்டல், ஒரு பிரார்த்தனை எல்லாம் இருந்தன. அவள் திரையில் ஓடுவது சுவரில் பெரிதாகத் தெரியும்படி மாற்றி, கடைசிப் பொத்தானைத் தட்டினாள்.

பிரவுசர்கள் திறந்தன. கட்டங்கள் நிரம்பின. "அட, தானா எழுதுதே!" என்று அந்தம்மா ரசித்தார். பெரிய திரை தேறியது. அடுத்ததும் தேறியது. சின்னத் திரை கடைசிப் பக்கத்துக்கு வந்தது. கேப்டன் துள்ளி எழுந்து வணக்கம் சொன்னார். டூல் காத்திருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். கட்டியவர் ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார், அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை. கேப்டன் நகர்வதாக இல்லை. கடைசியில் சிவப்பாக ஒரு வரி விழுந்தது. அந்தம்மா அதை உரக்கப் படித்தார்:

"டிக்கெட் பொத்தானை அழுத்த முடியவில்லை. நடுவில் கேப்டன் இருக்கிறார்."

"எங்கப்பாவா?" என்றார் அந்தம்மா.

"பொம்மைதாம்மா..." என்று மேனேஜர் இழுத்தார்.

"காலையில இது பச்சையா இருந்துச்சே?"

மேனேஜர் தொண்டையைச் செருமுவதற்குள் அவள் பேசிவிட்டாள். "அது என் தப்புங்க. இந்த டூல் போன வாரமே சொல்லுச்சு, ஏதோ மறைக்குதுன்னு. நான்தான் நச்சரிக்குதேன்னு அதோட வாயை அடைச்சுட்டேன். இப்பத் திறந்து விட்டிருக்கேன். சின்ன ஃபோன் வச்சிருக்கிறவங்க யாரும் நாளைக்கு டிக்கெட் எடுக்க முடியாது. எங்க அண்ணி முயற்சி பண்ணிப் பார்த்தாங்க. உங்க அப்பாகிட்டே வணக்கம் வாங்கினதுதான் மிச்சம்."

அந்தம்மாவின் உதடு துடித்தது. கோபம் என்று மேனேஜர் நினைத்தார். ஆனால் உள்ளேயிருந்து வந்தது சிரிப்பு. அடக்கி, அடங்காமல், ஹெல்மெட்டை மேசை மேல் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"வீட்டுலயும் இதே கதைதாங்க. ஃபிரிட்ஜைத் திறக்கப் போனா முன்னாடி நிப்பாரு. என்ன வேணும், நான் எடுத்துத் தரேம்பாரு. எடுக்கவும் மாட்டாரு, நகரவும் மாட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பொம்மை வேண்டாம்னு முதல் நாள்லேர்ந்து சொல்றேன். நான் வாயால சொன்னா அவர் காதுலயே போட்டுக்க மாட்டாரு. இதுல படம் இருக்கு இல்ல? அவர் உட்கார்ந்திருக்கிற படம்?"

"ஒவ்வொரு படிக்கும் இருக்குங்க."

"அதை பிரின்ட் போட்டுக் குடுங்க. இன்னைக்கே அவர் முன்னாடி வைக்கிறேன். அவர் நகர்ந்த அப்புறம் தளத்தைத் திறந்துக்கலாம்." பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "மாசாமாசம் இதே மாதிரி படத்தோட வருமா?"

"வரும்மா, இதே டூல், இதே ரிப்போர்ட்" என்றார் மேனேஜர், மூச்சு விடாமல். 'எக்செல்' என்ற சொல்லை வாழ்நாளில் கேள்விப்பட்டவர் மாதிரியே அவர் முகம் இல்லை.

பிரின்டர் முனகி முனகிப் பக்கங்களைத் தள்ளியது. பச்சை வரிகள் பளிச்சென்று வந்தன. அந்த ஒரு வரி மட்டும் வெளிறிப்போய், தெரிந்தும் தெரியாமலும் கிடந்தது. சிவப்பு மை தீர்ந்திருந்தது. எல்லாத் தலைகளும் வழக்கமான திசையில் திரும்பின.

"என்னைப் பார்த்து என்ன பண்றது? இந்தத் தடவை ஒரே ஒரு வரிதான்" என்றாள்.

இழுப்பறையில் துழாவி ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, காகித ஓரத்தில் கிறுக்கி எழுதுகிறதா என்று பார்த்தாள். எழுதியது. ஸ்கேலை வைத்து அந்த வரியின் அடியில் நேராக ஒரு கோடு இழுத்தாள். கீழே இருந்த படத்தில் கேப்டனைச் சுற்றி, மீசை முனை வெளியே போகாதபடி, நிதானமாக ஒரு வட்டம் போட்டாள். மை காய ஒரு தடவை ஊதினாள். பக்கங்களைத் தட்டி ஓரம் சேர்த்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, அது பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, இரண்டு கைகளாலும் அந்தம்மாவிடம் நீட்டினாள்.